செம்பருத்தியில் மாவுப்பூச்சியா? முதலில் எண்ணெய், பிறகு பூஞ்சாணம்

மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் மொட்டை மாடிகளில் பூஜைக்கு வளர்க்கும் செம்பருத்தியும், சமையலுக்கு வளர்க்கும் வெண்டையும் பருத்தியின் குடும்பம்தான். அதனால் பருத்திக் காட்டில் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ எல்லாம் இங்கும் வந்து சேர்கின்றன. பருத்தி விவசாயிகள் பயன்படுத்தும் வேப்ப எண்ணெயும், பூச்சிக்கு நோய் உண்டாக்கும் பூஞ்சாணமும் நமக்கும் கைகொடுக்கும். வரிசை மாறாமல் செய்வதுதான் முக்கியம்.

1. எறும்பைத் தடுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். சுவரைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். தொட்டி வைத்த ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். கொசு முட்டையிடாதிருக்க அதில் சில சொட்டு எண்ணெய் விடுங்கள்.

2. கழித்துக் கழுவுங்கள். சுருண்டு கொத்தாகிப்போன நுனிகளை நறுக்கி, கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இலைகளின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள்.

3. எண்ணெய் தெளியுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கலப்படமில்லாத வேப்ப எண்ணெய் கிடைக்கும். 5 மி.லி. எண்ணெயில் 2 மி.லி. காதி சோப்புக் கரைசலை முதலில் குழைத்து, பிறகு 1 லிட்டர் தண்ணீர் சேருங்கள். பால்போல் வெளுக்க வேண்டும்; எண்ணெய் மிதந்தால் இலை கருகும். ஓரிரு இலைகளில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டு, புதிதாகக் கலந்து செடி முழுக்கத் தெளியுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பதே நல்லது. பூச்சியின் மெழுகுப் போர்வை இளகும். வேம்பின் அசாடிராக்டின் அது தின்பதையும் வளர்வதையும் கெடுக்கும்.

4. நான்கைந்து நாள் கழித்துப் பூஞ்சாணம். வெர்டிசீலியம் லெக்கானி தூள், லிட்டருக்கு 5 கிராம். இது உயிருள்ள பொருள். காலாவதித் தேதி பார்த்து வாங்கி நிழலில் வையுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதற்கு ஆகாது; முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள். கலந்த கரைசலைத் துணியில் வடிகட்டி, மூக்கை மூடிக்கொண்டு அந்தி சாயும் நேரத்தில் தெளியுங்கள். வித்துகள் பூச்சியின் தோலில் ஒட்டி முளைத்து உள்ளே துளைக்கும். பலன் தெரிய ஒரு வாரம் ஆகலாம். 7 முதல் 10 நாளில் மீண்டும் தெளியுங்கள். இடையில் பூஞ்சாணக் கொல்லி எதையும் தெளிக்காதீர்கள். நாம் விட்ட பூஞ்சாணமும் செத்துவிடும்.

5. பருவம் பாருங்கள். பூஞ்சாணத்துக்கு ஈரம் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை விட்ட மாலைகள் ஏற்றவை. அக்னி நட்சத்திர வெயிலில் அது பிழைக்காது. அப்போது கழுவுவதையும் எண்ணெயையும் நம்புங்கள்.

6. உற்றுப் பாருங்கள். ஊசியால் அழுத்தினால் உயிருள்ள மாவுப்பூச்சியில் ஈரம் கசியும். செத்தது உலர்ந்து உதிரும். அதே வெள்ளைப் பஞ்சு போர்த்தி, ஆனால் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் ஊரும் புழுவைக் கண்டால் நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. அது வந்துவிட்டால் தெளிப்பானை எடுக்கவே வேண்டாம். மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும்.