கடிதம் எந்தக் கந்தோருக்குப் போகிறது?

ஆரையம்பதியில் மண்முனைப்பற்று என்ற ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு கந்தோர்கள் உள்ளன. ஒன்று பிரதேச சபை, மற்றது பிரதேச செயலகம். ஊரில் பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கின்றனர். காணி அனுமதிப்பத்திரம் கேட்டுப் பிரதேச சபையில் காத்து நிற்பவர்கள் உண்டு. ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை என்று பிரதேச செயலாளரிடம் முறையிடுபவர்களும் உண்டு. உள்ளூர் ஆள் இப்படி அலைந்தால் அரை நாள் போகும். இடம்பெயர்ந்து வந்த விவசாயக் குடும்பத்துக்கோ ஒரு போகமே போய்விடும். எனவே, பிரதேச சபை தனக்கு மேலும் பக்கத்திலும் உள்ள அரச மட்டங்களோடு எவ்வாறு பேசி அலுவல் பார்க்கிறது, அதில் எமது பங்கு என்ன என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

பிரதேச சபை நாம் வாக்களித்துத் தெரிவு செய்யும் சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தினால் அது உருவானது. அதற்கு முன் இருந்த கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் எடுக்கப்பட்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவையும் நிலைக்கவில்லை. பிரதேச செயலாளர் தெரிவு செய்யப்படுபவர் அல்லர், அரச உத்தியோகத்தர். முன்னர் உதவி அரசாங்க அதிபர் என்று எமது பெரியவர்கள் அழைத்தவரே, 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தின் பின் கூடிய அதிகாரங்களுடன் பிரதேச செயலாளர் ஆனார். அவருக்கு மேலே இருப்பது கச்சேரி. பிரதேச சபைக்கு மேலே இருப்பதோ மாகாணமும் அதன் உள்ளூராட்சி ஆணையாளரும். பெயர் ஒன்று, எசமானர் இருவர். இது விளங்கினால் பாதி அலைச்சல் குறையும்.

இனி எமது நிலைமைக்கு வருவோம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வைத்திருந்து, 2007இல் படுவான்கரையை விட்டு எழுவான்கரைக்கு வந்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கியது மண்முனைப்பற்றில். வயலும் வளவும் இருப்பது மண்முனை தென்மேற்கில். தங்கிய இடத்தின் கிணறு, மலசலகூடம், வடிகான் எல்லாம் இங்குள்ள பிரதேச சபையின் பொறுப்பு. வயலுக்கான அனுமதிப்பத்திரம் அங்குள்ள பிரதேச செயலாளரிடம். உர மானியமும் விதைநெல்லும் வயல் பதியப்பட்ட கமநல சேவை நிலையத்தில். ஒரே குடும்பத்துக்கு இரண்டு சபைகள், இரண்டு செயலகங்கள், இரண்டு கிராம உத்தியோகத்தர்கள்! அந்த நாள்களில் மண்முனைத் துறையில் பாதைதான் ஓடியது. 2014இல் பாலம் திறக்கப்பட்டது. ஆட்கள் வாவியைக் கடப்பது சுலபமாயிற்று. கடதாசி கடப்பது அவ்வளவு சுலபமல்ல. இங்குள்ள கந்தோர் ‘அங்கே போ’ என்கிறது, அங்குள்ளது ‘வதிவிடச் சான்றுடன் வா’ என்கிறது.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் சபையின் அரசாங்கங்களுக்கிடையிலான அலுவல். அமெரிக்காவின் பெரிய நகரசபைகள் இதற்கென்றே உத்தியோகத்தர்களை வைத்திருக்கின்றன. சட்டசபையில் என்ன சட்டமூலம் வருகிறது, அது எமது நகரத்தை எப்படித் தாக்கும், யாரிடம் பேச வேண்டும் என்று பார்ப்பதே அவர்களது தொழில். எமது பிரதேச சபைகளில் இந்த வேலை தவிசாளர், செயலாளர், கோவை கட்டும் முகாமைத்துவ உதவியாளர் ஆகியோர் தலையில் விழுகிறது. அவர்களுக்கு நேரமில்லாவிட்டால் ஒருவரும் செய்வதில்லை. அங்கேதான் மக்கள் குழுக்களுக்கு வேலை இருக்கிறது.

எந்த விடயம் எந்த மட்டத்துக்குரியது என்பதை 1987 நவம்பரில் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மூன்று நிரல்களாகப் பிரிக்கிறது: மாகாணத்துக்குரியவை, கொழும்புக்கு ஒதுக்கப்பட்டவை, இரண்டுக்கும் பொதுவானவை. உள்ளூராட்சியும் மாகாணத்துக்குள் அடங்கும் விவசாயமும் மாகாண நிரலில் உள்ளன. இடம்பெயர்ந்தோரின் நிவாரணமும் மீள்குடியேற்றமும் பொது நிரலில் உள்ளன. பொது என்றால் இருவரும் செய்யலாம் என்று பொருள். நடைமுறையிலோ, இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டலாம் என்றும் ஆகிவிடுகிறது. வீதியை உதாரணமாக எடுத்தால் எளிதில் விளங்கும். ஆரையம்பதி ஊடாகக் கல்முனைக்குப் போகும் ஏ4 பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. அதற்குக் கீழான தரங்களின் வீதிகளில் பல மாகாணத் திணைக்களத்துக்குரியவை. வீட்டு வாசலில் உள்ள ஒழுங்கைதான் பிரதேச சபைக்கு. குளங்களும் அப்படியே. ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைவாக நீர் பாய்ச்சும் சிறுகுளம் கமநலத்தின் கீழ், பெரியது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ்.

கதவு மாறித் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினை எமது மாவட்டத்திலேயே உள்ளது. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த நிலம். அங்கே வெளியார் பயிர்செய்ய வந்ததை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டியில் வீதியோரத்தில் அமர்ந்து போராட்டம் தொடங்கினர். அந்த நிலம் 1979இல் அமைந்த மகாவலி அதிகார சபையின் எல்லைக்குள் வருகிறது. அது கொழும்பின் கை. பிரதேச சபை அதற்காகத் தீர்மானம் நிறைவேற்றலாம், உத்தரவிட முடியாது. ஆனால் தீர்மானம் வீண் என்று நாம் சொல்லமாட்டோம். எழுத்தில் உள்ள தீர்மானம் பின்னர் வழக்கிலும் பாராளுமன்றத்திலும் சாட்சியாகும்.

சட்டம் ஆக்கப்படும்போதும் இந்த மட்டங்கள் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். மாகாண நிரலில் உள்ள விடயத்தில் பாராளுமன்றம் சட்டம் ஆக்குவதானால், சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பி அபிப்பிராயம் கேட்க வேண்டும். ஒரு சபை மறுத்தாலும் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. 2012இல் வந்த திவிநெகும சட்டமூலத்தை எமது குடும்பங்கள் மறந்திருக்கலாம். சமுர்த்தி அதிகார சபையையும் வேறு இரண்டு அபிவிருத்தி அதிகார சபைகளையும் இணைத்து, பொருளாதார அபிவிருத்தி அமைச்சின் கீழ் ஒரு திணைக்களமாக்குவதே அதன் நோக்கம். கிராமத்துப் பெண்கள் சதம் சதமாகச் சேமித்த சமுர்த்தி வங்கிச் சங்கங்களும் அதில் அடங்கின. மாகாண சபைகளைக் கேட்காமல் முடியாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. அந்த ஆண்டு ஒக்டோபரில் கிழக்கு மாகாண சபை அதற்குச் சம்மதம் தெரிவித்தது. வடக்கில் அப்போது சபையே இல்லை. ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதமாகாது என்று நீதிமன்றம் மீண்டும் சொன்னது. 2013 ஜனவரியில் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் அதை நிறைவேற்றியது. (அதே மாதத்தில் பிரதம நீதியரசர் பதவி நீக்கப்பட்டது தனிக்கதை.)

நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சில வாரங்களை. சட்டமூலம் திருகோணமலைக்கு வந்து வாக்கெடுப்பு நடக்கும்வரை எத்தனை பிரதேச சபைகள் அதை வாசித்தன? எத்தனை கமக்காரர் அமைப்புகள் தமது மாகாண சபை உறுப்பினரிடம் போய் ‘எமது சேமிப்புக்கு என்ன நடக்கும்?’ என்று கேட்டன? கேட்கும் இடம் இருந்தது, காலம் சிறிது. அந்த இடமும் பிறகு மூடப்பட்டது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின், 2025 வரை தேர்தல் நடைபெறவில்லை. மாகாணம் ஆளுநரின் கையில் இருந்தது. பிரதேச சபைகளும் 2023 மார்ச்சில் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை உறுப்பினர்கள் இன்றியே இருந்தன. அக்காலத்தில் எமது முறைப்பாட்டைத் தூக்கிச் செல்ல உத்தியோகத்தர்கள் இருந்தார்கள், பிரதிநிதிகள் இல்லை.

இடம்பெயர்ந்தோருக்கென்றே ஆக்கப்பட்ட சட்டங்களும் உண்டு. 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தாம் முன்பு வாழ்ந்த இடத்து வாக்காளர் இடாப்பில் பதிய வழி செய்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இன்னும் முக்கியமானது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவரின் காணியை, ‘பத்து வருடம் ஆண்டேன், எனக்கே சொந்தம்’ என்று இன்னொருவர் கோருவதை அது தடுத்தது. ஆனால் வழக்கிட இரண்டு ஆண்டுகளே அவகாசம் தந்தது. கொழும்பில் கைச்சாத்தான சட்டம் வாவிக்கரை முகாமுக்கு நடந்து வருவதற்குள் அவகாசத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். இத்தகைய அறிவித்தலைத் தமிழில் அச்சிட்டுப் பலகையில் ஒட்டுவது பிரதேச சபைக்குப் பெரிய செலவல்ல. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? பிரதேச சபைகள் சட்டம் நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வசதிகளும் என்று குழுக்களுக்கு இடம் தருகிறது. உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் குழுவில் சேர்க்கலாம். இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் சபையில், அவர்களுள் ஒருவர், முடிந்தால் ஒரு பெண், வீடமைப்புக் குழுவில் இருக்கட்டும். அடுத்தது பிரதேச ஒருங்கிணைப்புக் குழு. பிரதேச செயலாளர், சபைத் தவிசாளர், திணைக்களத் தலைவர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒரே மேசையில் இருப்பது அங்கேதான். ‘இது எனக்குரியதல்ல’ என்று ஒருவர் சொன்னால், உரியவர் எதிர்ப்பக்கத்துக் கதிரையில் இருப்பார். எனவே உங்கள் கடிதம் கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலில் ஏறவேண்டும். கூட்டத்தன்று வாசலில் கொடுக்கும் கடிதம் சட்டைப் பைக்குள் போகும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். ‘ஏன் எனது அலுவலைச் செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள். அதற்கு விளக்கம்தான் வரும். ‘இன்ன திகதியில் நான் கொடுத்த கடிதம் எந்தக் கோவையில் உள்ளது, யாருக்கு அனுப்பப்பட்டது, அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று தருக’ என்று கேளுங்கள். கோவையைத் தேடி எடுத்த உத்தியோகத்தர் அதை மீண்டும் அடியில் வைப்பது அரிது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் கையிலுள்ள கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், அனுமதிப்பத்திரப் பிரதிகள் எல்லாவற்றையும் கொண்டுவரட்டும். ஒரு பெரிய தாளில் நான்கு பத்திகள் கீறுங்கள்: இங்குள்ள சபை, இங்குள்ள செயலகம், வயல் உள்ள இடத்துச் சபை, அங்குள்ள செயலகமும் கமநல நிலையமும். ஒவ்வொரு பிரச்சினையையும் உரிய பத்தியில் எழுதி, பக்கத்தில் கடைசியாகக் கடிதம் கொடுத்த திகதியைக் குறியுங்கள். எழுதவல்ல பிள்ளைகள் எழுதட்டும், வட்டவிதானையாக இருந்த பெரியவர்கள் வட்டையின் பெயர்களையும் எல்லைகளையும் சொல்லட்டும். எந்தப் பத்தியிலும் அடங்காத பிரச்சினைகளைத் தனித்தாளில் எழுதி, சபை உறுப்பினர் ஒருவரை அழைத்து அவரிடம் கொடுங்கள்.