ஆடி மாதம் கற்றுத் தரும் பஞ்சாங்கப் பாடம்!

‘‘எங்க வீட்டு காலண்டர்ல ஒரு நாள் போட்டிருக்கு. பக்கத்து வீட்டுல வேற நாள்ங்கறாங்க. எந்த நாள் விரதம் இருக்கறது?’’ ஆடி பிறந்துவிட்டால் போதும், வாசகியர் பலரும் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களின் குரலில் ஒரு பயமும் இருக்கும். நாள் தவறினால் குற்றமாகிவிடுமோ என்ற பயம்!

இந்த பயத்தைப் போக்க ஒரு எளிய வழி உண்டு. நம் பண்டிகைகள் எந்த அளவையைக் கொண்டு வருகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தேதி, கிழமை, நட்சத்திரம், திதி என்று அளவைகள் நான்கு. ஆடி என்ற ஒரே மாதத்தில் நான்குக்கும் உதாரணம் இருக்கிறது. அந்தப் பாடத்தைப் படிக்க, நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கும் பரமத்தி வேலூருக்குப் போவோமா?

தேதியால் வருபவை

வேலூர் என்றதும் வெற்றிலைதான் நினைவுக்கு வரும். ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால், இங்குள்ள வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழைத் தோட்டங்களையும் வாழ வைக்கிறது. காவிரியும் வாய்க்காலும் இல்லையென்றால் இங்கே தாம்பூலம் ஏது? அதனால்தான் இந்தப் பகுதியில் ஆடிப்பெருக்கை ‘பதினெட்டு நோம்பி’ என்று சொந்தத்தோடு கொண்டாடுகிறார்கள்.

ஆடி முதல் தேதியே இங்கே விசேஷம்தான். சேலம், நாமக்கல், கரூர் பகுதிகளில் அன்று ‘தேங்காய் சுடும் நோம்பி’. தேங்காயின் கண்ணைத் துளைத்து, வெல்லம், பொட்டுக்கடலை, எள், அவல், பாசிப்பயறு நிரப்பி, அழிஞ்சிக் குச்சியில் செருகித் தீயில் சுடுவார்கள். பிள்ளையாருக்குப் படைத்த பிறகே வீட்டாருக்கு. பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது என்று பெரியவர்கள் இதற்குக் கதை சொல்வார்கள்.

ஆடி 1, ஆடி 18, தைப் பொங்கல், சித்திரை 1 ஆகிய எல்லாம் சூரியனை வைத்து வருபவை. சூரியன் கடக ராசிக்குள் நுழையும் நேரமே ஆடி மாதப் பிறப்பு. அஸ்தமனத்துக்கு முன்பு நுழைந்தால் அன்றே முதல் தேதி. பின்பு நுழைந்தால் மறுநாள். அதனால் இக்காலத்தில் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3-ம் தேதியில்தான் வரும். 2020-ல் ஆகஸ்ட் 2. 2024-ல் ஆகஸ்ட் 3. திதி பார்க்கும் வேலையே இல்லை.

கிழமையால் வருபவை

ஆடி வெள்ளிக்கும் ஆடிச் செவ்வாய்க்கும் கிழமைதான் கணக்கு. ஆடிக்குள் அந்தக் கிழமை வந்தால் போதும். அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கும், மாவிளக்கு ஏற்றுவதற்கும் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை. வரலட்சுமி விரதம் மட்டும் சற்று மாறுபட்டது. அது பௌர்ணமிக்கு முன் வரும் வெள்ளி என்பதால் கிழமையோடு திதியும் சேர்கிறது. சில ஆண்டுகளில் ஆடியிலும், சில ஆண்டுகளில் ஆவணியிலும் அது வருவது இதனால்தான்.

நட்சத்திரத்தால் வருபவை

வேலூருக்கு அருகிலுள்ள கபிலர்மலை, முருகன் குடிகொண்ட தலம். முருகனுக்கு உகந்த ஆடிக் கிருத்திகை, கார்த்திகை நட்சத்திரத்தால் வருவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரேறும் ஆடிப்பூரம், பூர நட்சத்திரத்தால் வருவது. சந்திரன் எந்த நட்சத்திரத்தில் இருக்கிறதோ, அதுவே அன்றைய நட்சத்திரம். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றி வர ஏறக்குறைய 27 நாட்களும் 8 மணி நேரமும் ஆகும். ஆடிக்கோ 31 அல்லது 32 நாட்கள். அதனால் ஒரே நட்சத்திரம் மாதத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் இரண்டு முறை வந்துவிடுவதுண்டு. அப்போது உங்கள் ஊர்க் கோயிலில் எந்த நாளைக் கொண்டாடுகிறார்களோ, அதையே பின்பற்றுங்கள்.

திதியால் வருபவை

குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை விலகினால் ஒரு திதி. மொத்தம் 30 திதிகள். சந்திரனின் வேகம் கூடிக் குறைவதால் ஒரு திதி சுமார் 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் ஆறு மணிக்கு முடிய வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ஒரே திதி இரண்டு நாட்களில் தென்படுவது இப்படித்தான்.

2023-ம் ஆண்டு ஆடி இதற்கு நல்ல உதாரணம். ஆடி 1-ம் தேதி (ஜூலை 17) ஒரு அமாவாசை; ஆடி 31-ம் தேதி (ஆகஸ்ட் 16) இன்னொரு அமாவாசை! இப்படி ஒரே மாதத்தில் இரண்டு அமாவாசை வந்தால் அதை மல மாதம் என்பார்கள். அந்த ஆண்டு பெரும்பாலோர் இரண்டாவதையே ஆடி அமாவாசையாக அனுஷ்டித்தார்கள்.

திதி எந்த வேளையில் இருக்க வேண்டும்?

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. ஒவ்வொரு விரதத்துக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளையில் திதி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

* ஏகாதசி: சூரிய உதய வேளை. (வைணவர்கள் விடியலுக்கு முந்தைய அருணோதயத்திலேயே தசமி கலப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.)
* விநாயகர் சதுர்த்தி: நண்பகல்.
* அமாவாசை தர்ப்பணம்: பிற்பகலான அபராஹ்ண வேளை. பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு.
* பிரதோஷம்: மாலை அஸ்தமன வேளையில் திரயோதசி.
* சங்கடஹர சதுர்த்தி: சந்திரன் உதிக்கும் நேரத்தில் சதுர்த்தி.
* மகா சிவராத்திரி: நள்ளிரவில் சதுர்த்தசி.

காலண்டரில் ‘இன்று மாலை 4.10 வரை துவாதசி, பிறகு திரயோதசி’ என்று இருந்தால், பிரதோஷம் இன்றா, நாளையா? அஸ்தமனத்தில் திரயோதசி இருப்பதால் இன்றுதான்! இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நேரங்களில் வித்தியாசம் உண்டு. உங்கள் குடும்ப வழக்கம் எதுவோ, ஆண்டு முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் தடுமாற்றம்.

இரண்டும் ஒரே நாளில் வந்தால்?

2016-ல் ஆகஸ்ட் 2-ம் தேதி ஆடிப்பெருக்கும் ஆடி அமாவாசையும் சேர்ந்தே வந்தன. வேலூர் படித்துறையில் நாம் சந்தித்த ஒரு பெரியம்மா அந்த நாளை நினைவுகூர்ந்தார்.

‘‘எங்க மாமனாருக்குத் தலை திவசம் முடிஞ்ச வருஷம் கண்ணு அது. ஒரு பக்கம் அவருக்கு எள்ளுந் தண்ணியும் விடோணும். இன்னொரு பக்கம் எம் மகளுக்குத் தலை ஆடி, தாலிச் சரடு மாத்தோணும். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மாமியாதான் சொன்னாங்க, ‘மொதல்ல அவருக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்துருவோம். அப்புறம் வாசல்ல கோலம் போடு. பேத்திக்கு நல்லது நடக்கறதைப் பார்த்தா அவரு சந்தோசப்படுவாரு’ன்னாங்க.’’

‘‘அப்படியே செய்தீர்களா அம்மா?’’

‘‘செஞ்சோம். ஆனா, சரடு கட்டறப்ப மாமியா உள்ளயே நின்னுக்கிட்டாங்க. எம் மகதான் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தா. ‘நீங்க வந்தாத்தான் கட்டிக்குவேன் ஆத்தா’ன்னுட்டா. அவங்க கையாலதான் மஞ்சளைத் தேய்ச்சு எடுத்துக் குடுத்தாங்க.’’

சொல்லும்போதே பெரியம்மாவின் கண்கள் கலங்கின. நமக்கும்தான். பித்ரு கடன் முதலில், மங்கலம் பிறகு என்ற வரிசையை அந்த வீட்டுப் பெரியவர் வகுத்தார். மங்கலத்தில் அவருக்கும் இடமுண்டு என்பதைப் பேத்தி வகுத்தாள்!

காவிரி எப்படி இருந்தாலும்...

1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஆடியில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது அணையைப் பொறுத்தே இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் மணல்தான் தெரியும். 2024-லோ, ஜூலை 30 அன்று அணை 120 அடியை எட்டி, உபரி நீர் வெள்ளமாகப் பாய்ந்தது. அந்த ஆடிப்பெருக்கில் கரையோரத்தின் பல இடங்களில் ஆற்றில் இறங்கத் தடை.

அப்படி வந்தால் வருந்த வேண்டாம். பூஜை அறையில் ஒரு செம்பில் தண்ணீர் நிரப்பி, மஞ்சளும் பூவும் இட்டு, காவிரியை நினைத்து வணங்குங்கள். வெற்றிலை பாக்கு, காதோலை கருகமணி, சித்ரான்னங்கள் வைத்துப் படையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். ஆற்றுக்குப் போகிறவர்கள் பிளாஸ்டிக் பையை நீரில் விடாதீர்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

நாள் பார்ப்பது நம்மை ஒழுங்குபடுத்தத்தான், அச்சுறுத்த அல்ல. அடுத்த முறை காலண்டரில் குழப்பம் வந்தால், ‘இது தேதியா, கிழமையா, நட்சத்திரமா, திதியா?’ என்று கேட்டுப் பாருங்கள். திதி என்றால், ‘எந்த வேளையில்?’ என்று இன்னொரு கேள்வி. இந்த இரண்டு கேள்விகளை உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஆடிச் சீரோடு அவர்கள் எடுத்துப் போகும் இன்னொரு சீர் அது!