டைட்டானியம் வேர்

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. விழுந்துபோன கடைவாய்ப் பற்களுக்கு இம்ப்ளான்ட் வைக்கலாமா?

பதில்: வயது தடையே இல்லை, சர்க்கரைதான் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள். தாடை எலும்பில் டைட்டானியம் திருகு ஒன்றை இறக்குவார்கள். 1950களில் ஸ்வீடன் டாக்டர் பிரோனெமார்க், முயலின் கால் எலும்பில் தான் பதித்த டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்தார். வரவே இல்லை! எலும்பு அதைக் கவ்விக்கொண்டிருந்தது. அதே பிடிப்பு அம்மாவின் தாடையில் உண்டாக, பொதுவாக 3 முதல் 6 மாதம் பிடிக்கும். பிறகுதான் மேலே கேப். 'ஒரே நாளில் பல்' விளம்பரத்துக்கு மயங்கி அவசரப்படாதீர்கள். பல் விழுந்து நாளாகியிருந்தால் எலும்பு கரைந்திருக்கலாம், ஸ்கேன் அவசியம். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறாரா? வெற்றிலையோடு புகையிலை உண்டா? கூச்சப்படாமல் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.