மதிப்பெண் ஏறாத காலம்

தேர்வுக்குப் பயில்வார்க்குத் தொடக்கத்தில் மதிப்பெண் விரைந்து ஏறுதலும், சின்னாள் கழிந்தபின் ஓரெல்லையில் நின்றுவிடுதலும் இயல்பு. அந்நிலையில், 'கணக்கு நமக்கு வாராது' என முடிவு செய்து முயற்சியைக் கைவிடுவார் பலர். அம்முடிவு பொருந்தாது என்பதையும், அத்தேக்கம் நீங்கும் வழியையும் ஈண்டு ஆராய்வோம்.

2025ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வை எடுத்துக்கொள்வோம். அதன் வினாக்கள் 200. அவற்றுள் கணக்கும் மனத்திறனும் பற்றியன 25. காலம் மூன்று மணி நேரம்; எனவே ஒரு வினாவிற்குக் கிடைப்பது 54 விநாடியே. மாணாக்கர் ஒருவர் மாதிரித் தேர்வுகளில் அவ்விருபத்தைந்தனுள் 15 மட்டுமே பெற்று நிற்கின்றார் என்க. அவர் மேன்மேலும் மாதிரித் தேர்வுகளையே எழுதுவாராயின், அறிந்த பதினைந்தையே மீண்டும் செய்வார். ஏனைய பத்தும் அறியாதனவாகவே கிடக்கும். மரக்காலால் பலமுறை அளப்பதனால் நெல் மிகுவதில்லை.

எம்மூராகிய கண்டரமாணிக்கம் முதலிய நகரத்தார் ஊர்கள் கணக்கிற்குப் பெயர் பெற்றவை. பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய அவ்வூரார், அன்றாட வரவு செலவைக் குறித்ததோடு அமையாது, அதனைப் பேரேட்டில் பிரித்தெழுதி ஐந்தொகையும் எடுத்தனர். மொத்தம் மட்டும் அறியின், பணம் எங்கே தங்கிற்று என்பது விளங்காதன்றோ? மாணாக்கரும் தம் பிழைகளுக்கு ஒரு பேரேடு வைத்தல் வேண்டும். தவறிய ஒவ்வொரு கணக்கையும் மூன்று தலைப்புக்களுள் ஒன்றன்கீழ் எழுதுக: முறை அறியாமை, முறை அறிந்தும் கூட்டல் பெருக்கலில் வழுவுதல், காலம் போதாமை.

முறை அறியாதவிடத்துச் சூத்திரத்தை உருவிடுதல் போதாது. காரணம் அறிதல் வேண்டும். 10,000 ரூபாய்க்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் ஈராண்டிற்குத் தனிவட்டி 2,000, கூட்டுவட்டி 2,100. மிகுந்த 100 எவ்வாறு வந்தது? முதலாண்டின் வட்டியாகிய 1,000 ரூபாய்க்கு இரண்டாம் ஆண்டில் ஏறிய வட்டியே அது. இதனை உணர்ந்தார்க்குச் சூத்திரம் மறப்பினும் விடை கிட்டும்.

பெருக்கலில் வழுவுவார்க்கு வேண்டுவது நாட்பயிற்சி. பிரையன், ஹார்ட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் தந்தி பயில்வாரை ஆராய்ந்து 1897, 1899ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் இத்தகைய தேக்கத்தை விளக்கினர். தனியெழுத்தை அறியும் பழக்கம் தானே இயங்குமளவு முதிர்ந்தாலன்றிச் சொல்லையும் தொடரையும் ஒருங்கே பற்றும் ஆற்றல் கைகூடாது என்பது அவர் கருத்து. நம் திண்ணைப்பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்வித்ததும் இப்பயனைத் தந்தது. நான்கு முந்திரி ஒரு காணி எனத் தயங்காது சொல்லவல்ல சிறுவனது மனம், கூட்டலில் உழலாது கணக்கின் பொருளை நோக்கும். ஆதலின் நாடோறும் சிறிது நேரம் வாய்ப்பாடும் மனக்கணக்கும் பயில்க.

காலம் போதாதவர், தெரிந்த வினாக்களை முதலில் முடித்து, நீண்டவற்றைப் பின்னர் நோக்குக. முன்னைய இரு குறைகளும் நீங்கின், இதுவும் பெரும்பாலும் தானே குறையும்.

வாரந்தோறும் இப்பேரேட்டிற்கு ஐந்தொகை எடுக்க. பத்துப் பிழைகளுள் நான்கு வட்டிக் கணக்காயின், அவ்வாரம் வட்டியையே கற்க. அந்நான்கும் கைவரின் பதினைந்து பத்தொன்பதாகும். அதன் பின்னரே அடுத்த மாதிரித் தேர்வு எழுதுக.

நண்பர்காள், மதிப்பெண் ஏறாத காலத்தை அறிவு வளராத காலம் என்று எண்ணற்க. பிழையின் இருப்பிடம் அறிந்து உழைப்பார்க்கு அது அடுத்த படிக்கு அடியிடும் காலமே.