ஒரு காலைப் பொழுதில் நிலைபெறும் விலை

நம் கடைகளில் பரங்கிக்காய் கீற்றுப் போட்டு விற்கும் சரக்கு. வட அமெரிக்காவிலோ ராட்சதப் பரங்கியை எடைப் போட்டிக்கென்றே வளர்க்கிறார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்டு டில் என்பவர் உருவாக்கிய 'அட்லாண்டிக் ஜெயண்ட்' ரகமே இதற்கு மூலம். 2023-ல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டியில் ஒரு காய் 1,247 கிலோ எடை நின்றது.

இக்காய்களின் விதைக்கும் தனி மதிப்பு உண்டு. காயின் எடை, வளர்த்தவர் பெயர், ஆண்டு ஆகியவையே விதையின் பெயர். தாய்க்கொடி எது, மகரந்தம் தந்த கொடி எது என்ற விவரமும் கூடவே வரும். தேனீயை நம்பினால் இந்த விவரம் கிடைக்காது. ஆகவே கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள்.

முறை எளியதே. பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அடியில் சிறு பிஞ்சு உள்ளது பெண் பூ. மறுநாள் மலரவிருக்கும் பெண் மொட்டை முதல்நாள் மாலையே தேனீ புகாதபடி கட்டி வைக்க வேண்டும். ஆண் மொட்டைக் காம்புடன் பறித்து, தண்ணீரில் நிறுத்தி, வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். விடிந்ததும் ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடிப் பிரிவுகள் எல்லாவற்றிலும் மகரந்தத்தைத் தடவ வேண்டும். அரைகுறையாகத் தடவினால் காய் கோணலாகும். பிறகு பூவைத் திரும்பக் கட்டி, தேதிச் சீட்டு மாட்ட வேண்டும்.

இவ்வேலை நடப்பது ஜூன், ஜூலை வெயிலில். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கும். பிஞ்சு மஞ்சளித்து உதிரும். பூ விரிந்திருப்பதும் ஒரே காலைதான். அதனால் பெண் பூவுக்கு நிழல் கட்டுகிறார்கள். கடும் வெயிலில் பக்கத்தில் ஐஸ் பையும் வைக்கிறார்கள். அந்தக் காலை தவறினால் அடுத்த பெண் பூவுக்குக் காத்திருக்க வேண்டும். அக்டோபர் போட்டிக்குள் காய் பருக்கும் நாட்கள் அத்தனையும் குறையும்.

வணிகர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இன்ன ஊர் வரத்து என்று சொல்லித்தான் நாமும் பருப்பும் மிளகாயும் விற்கிறோம். அந்தச் சொல் மெய்யாக இருக்கும் வரையில்தான் அந்த விலை. கட்டாத பூவில் ஒரு தேனீ புகுந்தால் விதையின் பெயர் போகிறது; கிடங்கில் வேறு வரத்து ஒரு மூட்டை கலந்தால் நம் பெயர் போகிறது. சரக்கு வந்து இறங்கும் அன்றே மூட்டைக்குச் சீட்டுக் கட்டி, கொள்முதல் பில்லையும் எடுத்து வைப்போம்.