வெட்டிய சரிவில் பூக்கும் ஆர்க்கிட்

கேள்வி: எங்கள் தாமானுக்குப் பின்னால் குன்றை வெட்டிவிட்ட செம்மண் சரிவில், மூங்கில் போன்ற இலைகளோடு ஒரு செடி ஊதாப் பூ பூக்கிறது. ஆர்க்கிட் என்கிறார்கள். ஆர்க்கிட் மரத்தில்தானே வளரும்? பக்கத்திலேயே ஆயர் ஹீத்தாம் காடு இருக்கும்போது இது ஏன் இந்த மொட்டை மண்ணுக்கு வந்தது? ஒன்றைத் தோண்டி வந்து நல்ல உரமண்ணில் வைத்தேன், அழுகிவிட்டது. சரிவிலும் இப்போது முன்புபோல் இல்லை. யாராவது பிடுங்கிக்கொண்டு போகிறார்களா?
– ஒரு வாசகி, பூச்சோங்

பதில்: ஒரு கேள்வி என்று தொடங்கி நான்கு கேட்டுவிட்டீர்கள், சகோதரி. பரவாயில்லை, நான்குக்கும் வேர் ஒன்றுதான்.

நீங்கள் பார்த்தது மூங்கில் ஆர்க்கிட். தாவரவியலில் அருண்டினா கிராமினிஃபோலியா. இலங்கை, இந்தியா தொடங்கி தென்சீனா, இந்தோனேசியா வரை வளர்வது. மலேசியாவுக்கு வந்தேறி அல்ல, இந்த மண்ணின் செடிதான். சாலை நடுவே வரிசையாக நட்டிருக்கும் ஊதா ஆர்க்கிட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் ஸ்பாத்தோகுளோட்டிஸ். அதன் இலை அகன்று, மடிப்பு மடிப்பாகத் தரையிலிருந்தே கிளம்பும். உங்கள் செடிக்கு ஆள் உயரத் தண்டு, அதன் இருபுறமும் புல் போன்ற இலை, நுனியில் ஒவ்வொன்றாக விரியும் பூ. வெளிறிய ஊதா இதழ்களுக்கு நடுவே ஓர் இதழ் மட்டும் அகன்று, அடர்ந்த நிறத்தில், தொண்டையில் மஞ்சளோடு இருக்கும். ‘உதடு’ என்று சொல்லப்படும் அதுதான் வண்டு வந்து இறங்கும் மேடை. ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். மொட்டின் வெளிப்புறம் எறும்பு ஊர்ந்தால் மருந்தடிக்காதீர்கள். அங்கே கசியும் தேனுக்காக வந்த எறும்புகள், மொட்டைத் தின்னும் பூச்சிகளை விரட்டிவிடும்.

இனி மரத்துக்கு வருவோம். ஆர்க்கிட் இனங்களில் பத்துக்கு ஏழு மரத்தில் வாழ்பவை என்பது சரி. ஆனால் அவை புல்லுருவி போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அவை தொற்றுத் தாவரங்கள், அதாவது இடம் மட்டும் கேட்டுச் சோறு கேட்காத குடித்தனக்காரர்கள். மீதியில் பெரும்பாலானவை தரையில் வேர்விடுபவை. உங்கள் செடி அந்த வகை.

தரையில் வளர்வது என்றால் காட்டுக்குள் போயிருக்கலாமே என்பீர்கள். காட்டுப்பூ என்றாலே காட்டு நிழல்தான் அதற்குச் சொர்க்கம் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். ஆயர் ஹீத்தாம் போன்ற தாழ்நிலக் காட்டில் உச்சி வெயிலின் நூறில் இரண்டு பங்குகூடத் தரைக்கு வந்து சேராது. அந்த இருட்டில் வாழ லூடிசியா போன்ற, கருஞ்சிவப்பு வெல்வெட் இலை கொண்ட தரை ஆர்க்கிட்கள் இருக்கின்றன. மூங்கில் ஆர்க்கிட்டால் முடியாது, அதற்கு முழு வெயில் வேண்டும். சாலைகள் வருமுன் ஆற்றோரப் பாறை, மண் சரிந்த மலை, திறந்த புல்வெளி ஆகியவைதான் அதன் வீடு. புல்டோசர் வந்து அத்தகைய இடங்களை ஏராளமாக்கிவிட்டது. அந்த வகையில் பூச்சோங் தாராளமான ஊர். ஈய லம்பம் தோண்டியது, பால்மரம் அழித்தது, இப்போது தாமானுக்காகக் குன்று வெட்டுவது என்று மண்ணை மூடவிட்டதே இல்லை.

அங்கே யார் நட்டார்கள்? காற்றுதான். நெல்லோ அவரையோ முளைக்கும்போது தின்னக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் புறப்படும். ஆர்க்கிட் விதை வெறுங்கையோடு கிளம்பும் தூசி. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். மண்ணில் ஏற்ற பூஞ்சை அதனுள் புகுந்து உணவூட்டினால்தான் முளைக்கும். வேரோடு கூடி வாழும் இதற்கு வேர்ப்பூஞ்சை என்று பெயர். 1899-ல் பிரான்சில் நோயெல் பெர்னார் என்ற இளைஞர், ஒரு தரை ஆர்க்கிட்டின் விதைகளைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். தப்பிப் பிழைப்பது சொற்பம் என்றாலும், எடை இல்லாததால் தூரம் ஒரு பொருட்டில்லை. 1883-ல் கிரக்காத்தாவ் எரிமலை வெடித்து அந்தத் தீவே சாம்பலானது. 14 ஆண்டு கழித்துப் போன தாவரவியலாளர்கள் கண்ட செடிகளில் மூங்கில் ஆர்க்கிட்டும் இருந்தது, ஸ்பாத்தோகுளோட்டிஸும் இருந்தது. கடல் தாண்டிய விதைக்கு உங்கள் தாமான் வேலி எம்மாத்திரம்!

சத்தற்ற மண்ணை அது விரும்புகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போட்டி இல்லாத இடத்தில் பிழைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சரிவில் குறைந்துபோனதற்கும் இதுவே காரணமாக இருக்கும். முதலில் லாலான், ரேசாம் பெரணி, பழம் தின்றால் நாக்கு ஊதாவாகும் செண்டுடுக் என்று வந்து சேரும். பிறகு மகாங் மரம் குடை விரிக்கும். நிழல் விழுந்ததும் ஆர்க்கிட் பூப்பதை நிறுத்தி, மெல்ல மறையும். திருடரைத் தேடுமுன் அண்ணாந்து பாருங்கள்.

உங்கள் தொட்டிக்கு வருகிறேன். தோண்டும்போது வேர் அறுந்திருக்கும், பூஞ்சைக் கூட்டும் குலைந்திருக்கும். அதன்மேல் ஈரம் பிடித்து நிற்கும் உரமண் வேருக்குக் காற்றில்லாமல் செய்துவிட்டது. கார் நிறுத்தும் கூரையடியில் வைத்திருந்தால் நிழலும் சேர்ந்துகொண்டிருக்கும். மறுபடி மண்வெட்டியோடு போக வேண்டாம். காட்டு ஒதுக்கீட்டுக்குள் அனுமதியின்றிச் செடி எடுப்பது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றமும்கூட. நர்சரியில் ஒரு தொட்டி வாங்குங்கள். பூத்து முடிந்த தண்டின் கணுவில் வேரோடு குட்டிச் செடி முளைக்கும். அதைப் பிரித்து, மணலும் செங்கல் துண்டும் கரியும் கலந்த மண்ணில், கூரையில்லாத வெயிலில் வைத்துவிட்டு, வேரை இடம் மாற்றாமல் விட்டுவிடுங்கள்.