அகற்றும் முன் எண்ணுக

கற்றல் நோக்கம்: அறிவியல் செய்தியைத் தமிழில் படித்துப் பொருள் உணர்தல், தொழிற்பெயர்களை அறிதல்.

பாடப்பகுதி

கைப்பேசியின் இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள், முன்பு நன்றாக இயங்கிய செயலி ஒன்று திறக்க மறுக்கலாம். தொட்டவுடன் ஒரு நொடி தோன்றி மறையலாம். “அதை அகற்றிவிட்டு மீண்டும் நிறுவினால் சரியாகிவிடும்” என்று வீட்டில் ஒருவர் கூறுவார். பல வேளைகளில் அது சரியே. சில வேளைகளிலோ, அகற்றிய செயலி திரும்ப வருவதே இல்லை. அதற்குக் காரணம் என்ன?

செயலி தனித்து இயங்குவதன்று. எழுத்தைத் திரையில் காட்டவும், ஒலியைப் பதியவும், கோப்பைச் சேமிக்கவும் அது இயங்குதளத்தின் துணையை நாடுகிறது. இயங்குதளத்தின் விதிகள் மாறும்போது, பழைய விதிகளின்படி எழுதப்பட்ட செயலி தடுமாறுகிறது. 2019-இல் வெளிவந்த மேக் கணினியின் கேட்டலினா பதிப்பில், 32 பிட் முறையில் எழுதப்பட்ட செயலிகள் இயங்காமல் போயின.

ஆண்ட்ராய்டிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. தொடக்கக் காலத்தில், ஒரு செயலியை நிறுவும்போதே ஒலிவாங்கி, தொடர்பு எண்கள் முதலியவற்றுக்கான அனுமதிகளை ஒருசேர வழங்க வேண்டியிருந்தது. 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பு இம்முறையை மாற்றியது. அதன்பின், இத்தகைய அனுமதிகளைச் செயலி தேவைப்படும்போது கேட்கும். நாம் மறுக்கவும் செய்யலாம். ஆயினும் முந்தைய பதிப்புகளுக்கென எழுதப்பட்ட செயலிகளுக்குப் பழைய முறையே தொடர்ந்தது. தீய நோக்கமுடையோர் இவ்வழியைப் பயன்படுத்தினர். எனவே, 2023-இல் வெளிவந்த 14-ஆம் பதிப்பு, அத்தகைய பழைய செயலிகளைப் புதிதாக நிறுவுவதைத் தடுத்தது. முன்பே கைப்பேசியில் இருந்தவற்றை மட்டும் விட்டுவைத்தது.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. பழைய ஒலிப்பதிவுச் செயலி ஒன்றில், ஊரிலுள்ள பாட்டி பாடிய தாலாட்டு இருப்பதாகக் கொள்வோம். செயலியை அகற்றினால், அதற்குரிய தனி இடத்தில் உள்ள கோப்புகளும் அழியும். செயலியை வழக்கமான முறையில் மீண்டும் நிறுவவும் இயலாது. தடை பாதுகாப்பிற்காக வந்தது. இழப்போ அவசரத்தால் நேர்கிறது.

ஆகவே, செயலி இயங்காதபோது பின்வரும் வரிசையைப் பின்பற்றுக.

1. கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்குக.
2. செயலிக்குப் புதிய பதிப்பு வந்துள்ளதா எனப் பார்த்துப் புதுப்பிக்க.
3. அமைப்புகளில் தற்காலிகச் சேமிப்பை மட்டும் நீக்குக. தரவை அழிக்கும் பொத்தானைத் தொடாதீர்.
4. செயலியில் உள்ள கோப்புகளுக்குக் காப்புநகல் எடுத்து, வேறோர் இடத்தில் சேமிக்க.
5. இவற்றுக்குப் பின்னரே, தேவையெனில் அகற்றுக.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். இயங்குதளத்தை மேம்படுத்தும் முன்பே காப்புநகல் எடுப்பது அதனினும் நன்று.

சொல்லும் பொருளும்

இயங்குதளம் – கருவியின் பணிகளை எல்லாம் நடத்தும் அடிப்படை மென்பொருள்
செயலி – குறிப்பிட்ட பணிக்கான மென்பொருள்
காப்புநகல் – பாதுகாப்பிற்காக எடுத்துவைக்கும் படி
ஒருசேர – ஒரே நேரத்தில்

மொழி அறிவோம்

நிறுவு + தல் = நிறுவுதல்; அகற்று + தல் = அகற்றுதல். ஒரு தொழிலுக்குப் பெயராக வருவது தொழிற்பெயர். சேமி, பதி, அழி ஆகிய வினைகளைத் தொழிற்பெயர்களாக மாற்றுக.

பயிற்சி

1. செயலிக்கு இயங்குதளம் எவ்வகைகளில் துணைபுரிகிறது?
2. ஆண்ட்ராய்டு 14-ஆம் பதிப்பு பழைய செயலிகளை நிறுவுவதைத் தடுத்தது ஏன்?
3. “தடை பாதுகாப்பிற்காக வந்தது, இழப்போ அவசரத்தால் நேர்கிறது.” இத்தொடரை விளக்குக.
4. கைப்பேசியை மேம்படுத்தும் முன் செய்ய வேண்டியவற்றை விளக்கி, ஊரிலுள்ள உன் தாத்தாவிற்கோ பாட்டிக்கோ எளிய தமிழில் கடிதம் எழுதுக.